தூணுக்குப் பின்னால் விற்ற இருக்கைகள்

"அங்க வைக்காதீங்க சார். அது சீட்."

டிரம்ஸ்காரர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். இந்த ஹாலுக்கு அவர் எத்தனையோ வருஷமாக வந்துபோகிறவர். வந்ததும் முதல் வேலையாக, மேடையை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் பெரிய தூணுக்குப் பின்னால் போடப்பட்ட நாற்காலிகளில் காலிப் பெட்டிகளை அடுக்குவார். பிறகுதான் மேடை ஏறுவார்.

"சீட்டுதாம்மா. பெட்டிங்க உட்கார்ற சீட்டு."

"இல்ல சார். இது வித்துருச்சு." டிக்கெட் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் கையிலிருந்த ஸ்கேனரைத் தட்டிப் பார்த்தாள். "இந்த வரிசை முழுக்க வித்துருச்சு. முதல் வகுப்பு."

டிரம்ஸ்காரர் பெட்டியை இறக்கிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தார். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தார்.

"தூண் நல்லாத் தெரியுது," என்றார்.

துடைக்கிற துணியோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஹால் முதலாளியம்மாவின் நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள். கவுண்டரில் உட்கார்ந்தே பழகியவள். இப்போது கவுண்டர் ஜன்னலில் 'டிக்கெட் கம்பெனியின் ஆப்பில் மட்டும்' என்று பலகை தொங்குவதால், காலையிலிருந்து துடைத்ததையே துடைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னம்மா சொன்ன? வித்துருச்சா?"

"ஆமா மேடம். அந்தப் பக்கத் தூணுக்குப் பின்னாடியும் வித்துருச்சு."

"அதெல்லாம் நாங்க விக்கிற சீட்டே இல்லம்மா."

"மேப்ல இருக்கே மேடம்."

நாத்தனார் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேலே ஆபீஸ் அறையில் அண்ணி இரண்டு போன்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இறந்தபின் ஹாலை நடத்துகிறவள் அவள்தான். ஹால் இரண்டு பேருக்கும் சொந்தம். கையெழுத்துப் போடுகிற உரிமை அண்ணிக்கு, சண்டை போடுகிற உரிமை நாத்தனாருக்கு என்று தெருவில் சொல்வார்கள்.

"அண்ணி, கம்பெனிக்கு எந்த மேப்பைக் குடுத்தீங்க?"

"நம்ம ஹால் மேப்தான். கட்டினப்ப போட்ட பிளான். ஏன்?"

"அதுல தூணுக்குப் பின்னாடி நாற்காலி போட்டிருக்கா?"

அண்ணி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கை போனை விட்டு விலகி மேஜை ஓரத்தைப் பிடித்தது.

"போட்டிருக்கும்," என்றாள். "நாற்காலிதான் அங்க இருக்கே."

"இருக்கு. நம்ம என்னிக்காவது வித்திருக்கமா? யாராவது வந்து முன்னாடி பக்கம் வேணும்னு கேட்டா, அந்த மூலை இல்லீங்க, நடுவுல தரேன்னு சொல்லித்தானே குடுப்பேன். டிக்கெட் அடிக்கும்போதே அந்த நம்பரெல்லாம் தாண்டித்தானே அடிப்போம்."

"அது உனக்குத் தெரியும். நீ சொல்லல."

"நீங்க கேக்கல."

"பிளான் கேட்டாங்க, குடுத்தேன். பெட்டி வைக்கிற இடம், பெட்டி வைக்கிற இடம்னே சொல்லிச் சொல்லி, எனக்கும் அது சீட்டுங்கறதே மறந்துபோச்சு."

"நான் ஜன்னல்ல இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"ஆரம்பிக்கல. கேக்கறேன்."

ஆரம்பித்தது போன வருஷமே. ஹாலுக்கு வருகிற பாட்டுக்காரர்கள், நாடகக்காரர்கள், சிரிப்புக்காரர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனி டிக்கெட் விற்கிற ஹாலில்தான் அவர்கள் ஆடலாம், பாடலாம். ஊரில் மற்ற ஹால்களெல்லாம் கம்பெனியிடம் போயாயிற்று. இந்த ஹாலில் மட்டும் விளக்குப் போட்டால் பூச்சிதான் வந்தது. டிக்கெட் விற்க இன்னொரு கம்பெனியும் இருந்தது. அங்கே போகலாம் என்று நாத்தனார்தான் சொன்னாள். அண்ணி போன் பண்ணினாள்.

"யார் எடுத்தா தெரியுமா?" என்று அப்போது அண்ணி வந்து சொன்னாள். "இந்தக் கம்பெனிலேர்ந்து நம்மகிட்ட ஒப்பந்தம் பேச வந்தாரே, டை கட்டிக்கிட்டு, அதே டைக்காரர். அந்தக் கம்பெனியையும் இவங்களே வாங்கிட்டாங்களாம்."

"அப்ப பாடறவங்களுக்கு மேனேஜர்?"

"அவங்க ஆள்தான்."

"நல்லா இருக்கு. மாப்பிள்ளையும் நான்தான், தரகரும் நான்தான், மண்டபமும் என்னுதுதான். பொண்ணு மட்டும் உங்க வீட்டுதுன்னு."

சிரித்துக்கொண்டேதான் நாத்தனார் சொன்னாள். ஆனால் அண்ணி கையெழுத்துப் போட்ட அன்று, கவுண்டரில் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

இன்று அந்த ஒப்பந்தத்தின் முதல் நிகழ்ச்சி. பாடுகிறவள் இதே மேடையில் பள்ளிக்கூடப் போட்டியில் முதன்முதலாகப் பாடியவள். இன்று அவள் பெயர் போட்டால் விற்பனை திறந்த வேகத்தில் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. அப்படித்தான் தீர்ந்தது. எந்த நாற்காலி யாருக்குப் போனது என்று ஹாலுக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நாளன்று ஸ்கேனர் வரும், அதில் தெரியும் என்றார்கள்.

ஸ்கேனர் வந்தது. தெரிந்தது.

அண்ணி டைக்காரருக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது ஒரு குரல். அதைத் தொடர்ந்து இசை. மறுபடி முக்கியம் என்றது. அண்ணி எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"முக்கியம் முக்கியம்னு சொல்லியே ஆளைக் கொன்னுடுவாங்க போல."

"வெச்சிடுங்க அண்ணி. ஆளே வந்துட்டார்."

டைக்காரர் வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். கோபப்படவே தெரியாத மனிதர். எதைச் சொன்னாலும், சரிதான் அம்மா, நியாயம்தான் அம்மா என்பார். பிறகு தான் சொல்ல வந்ததைச் சொல்வார். அண்ணி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய்த் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"மேடை தெரியுதா?"

"தெரியல அம்மா."

"இங்க ஆள் உட்கார வைக்க முடியுமா?"

"நியாயம்தான் அம்மா. ஆனா மேப் நீங்க குடுத்தது. மேப்ல எல்லா சீட்டும் சரின்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"தப்பு எங்களுதுதான். அதை நான் இல்லைன்னு சொல்லல. இப்ப என்ன பண்றது?"

"வர்றவங்க புகார் குடுத்தா பணத்தை ஹால் திருப்பித் தரணும்."

"நீங்க வாங்கின கட்டணம்?"

"அது சேவைக்கு. சேவை நடந்துருச்சே அம்மா."

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு நடுவே வந்தாள்.

"சரி, அதெல்லாம் அப்புறம். மேடைக்கு எதிர்ல முன் வரிசைல கொஞ்சம் சீட்டு இன்னும் விக்காம இருக்குன்னு உங்க ஸ்கேனர் பொண்ணு சொல்லுது. இவங்களை அங்க மாத்திடலாமே."

"அது கம்பெனி கைவசம் வெச்சிருக்கற சீட்டுங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் விலை ஏறிக்கிட்டே இருக்கும்."

"ஏறி?"

"யாராவது வாங்குவாங்க."

"வாங்கலன்னா?"

"காலியா இருக்கும்."

"காலியா இருந்தா உங்களுக்கு நஷ்டம் இல்லையா?"

டைக்காரர் பொறுமையாகச் சிரித்தார். "இன்னிக்கு இறக்கிக் குடுத்தா நாளைக்கு இறங்கும்வரை எல்லாரும் காத்திருப்பாங்க. காலியாவே விட்டா அடுத்த தடவை சீக்கிரம் வாங்குவாங்க. அடுத்த தடவைன்னு வேற எங்க போகப்போறாங்க? எல்லா ஹாலும் நம்மளுதுதானே அம்மா."

"நம்மளுதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவர் அண்ணியைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னதும் நாத்தனார் காதில் விழுந்தது. ஒளிந்து கேட்கவில்லை. அந்த ஹாலில் மேடை ஓரம் பேசினால் கவுண்டர் வரை கேட்கும்.

"அம்மா, உங்க மேல மரியாதை உண்டு. அதனால முன்கூட்டியே சொல்லிடறேன். எங்க அனுமதி இல்லாம ஒரு ஆளை ஒரு சீட்லேர்ந்து இன்னொரு சீட்டுக்கு மாத்தினாலும் அது ஒப்பந்த மீறல். அடுத்து உங்களுக்குப் போட்டிருக்கற நிகழ்ச்சி எல்லாம் வேற ஹாலுக்குப் போயிடும். நான் போகச் சொல்லமாட்டேன். அதுவாப் போயிடும்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். கதவு திறக்கிற நேரம் வந்துவிட்டது.

கூட்டம் உள்ளே வந்தது. நாத்தனார் கவுண்டருக்குள் போனாள், வெளியே வந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி கவுண்டருக்குள் போனாள். இடப்பக்கத் தூண் அருகே முதலில் வந்தது நடுவயதுத் தம்பதி. கணவர் தூணைத் தட்டிப் பார்த்தார், அட்டையோ என்னவோ என்று. அடுத்து வந்தவர் பக்கத்து ஊரிலிருந்து தன் டாக்சியையே ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர். கூடவே அவருடைய அம்மா. அம்மாவைக் கைப்பிடித்து உட்காரவைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தவர் நேராக அண்ணியிடம் வந்தார்.

"மேடம், முதல் வகுப்புன்னுதானே போட்டிருந்துச்சு?"

"ஆமாங்க."

"தூணுக்கு முதல் வகுப்பா?"

"தப்பு நடந்துருச்சுங்க. பணத்தைத் திருப்பித் தந்துடறோம்."

"பணத்தை யாரு கேட்டா? அவளை ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு அம்மா ஆசைப்பட்டாங்க. வேலையெல்லாம் விட்டுட்டு, ஆப்பையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்து, திறந்ததும் வாங்கினேன்."

"டேய், சும்மா வாடா," என்றார் அவர் அம்மா பின்னாலிருந்து. "பாட்டுதானே? காதுக்குத்தானே? கேக்கும்டா. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்."

டிரைவர் அண்ணியை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அண்ணிக்கு இருந்தது.

விளக்கு மங்கியது. பாடகி மேடைக்கு வந்தாள். கைதட்டல் கூரையைத் தொட்டு இறங்கியது. தூணுக்குப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள், யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல். அந்த அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு நீட்டுவதை விட்டுவிட்டுத் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடைக்கு நேர் எதிரே, வெளிச்சம் படுகிற இடத்தில், கம்பெனி கைவசம் வைத்திருந்த நாற்காலிகள் சொத்தைப் பல் விழுந்த வாய் போலக் காலியாக இருந்தன.

முதல் பாட்டு முடிவதற்குள் அண்ணி டார்ச்சை எடுத்துவிட்டாள்.

நாத்தனாருக்கு அது புரிந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். கம்பெனியை நாள் தவறாமல் சபித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"வேணாம் அண்ணி."

"விடு."

"அந்தாள் சொன்னது கேட்டுச்சு எனக்கு. ஹால் போயிடும். அண்ணன் கட்டின ஹால்."

"நீதானே என்னை இத்தனை நாளா திட்டின? தலையாட்டிப் பொம்மைன்னு சொன்ன."

"திட்டறது வேற. நான் திட்டுவேன், நீங்க பொறுப்பா இருப்பீங்கன்னுதானே திட்டினேன்."

"கையெழுத்துப் போட்டது நான்தானே? அதுவும் நான்தான், இதுவும் நான்தான்னு சொல்லிக்கோ."

"அண்ணி."

"அந்தம்மா என்னைப் பாத்துப் பாவம்னுட்டாங்கடி. என் ஹால்ல உட்கார்ந்துக்கிட்டு, தூணைப் பாத்துக்கிட்டு, என்னையே பாவம்னுட்டாங்க."

நாத்தனார் கையை விட்டாள்.

அண்ணி டார்ச்சைத் தரையை நோக்கி அடித்துக்கொண்டு இடப்பக்கத் தூணுக்குப் பின்னால் போனாள். குனிந்து, பழைய காலத்தில் தாமதமாக வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில், "எழுந்து என் பின்னாடி வாங்க. செருப்புச் சத்தம் வராம," என்றாள். டிரைவர் அம்மாவை எழுப்பினார். தம்பதி எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அந்த வெளிச்சப் புள்ளியைப் பின்தொடர்ந்தார்கள்.

டைக்காரர் நடைபாதையில் வந்து நின்றார். "அம்மா, யோசிச்சுப் பண்ணுங்க."

"யோசிச்சாச்சு. வழியை விடுங்க. வயசானவங்க வராங்க."

அவர் வழியை விட்டார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மேடையில் பாட்டு முடிந்திருந்தது. பாடகி கீழே பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தையும் அதன் பின்னால் வருகிற வரிசையையும் பார்த்தாள். அவளும் கம்பெனியின் ஆள்தான். மைக்கில் எதுவும் சொல்ல முடியாது. "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடித்தாள். மூடினாள். மறுபடி திறந்து குடித்தாள். கூட்டம் சிரித்தது. டிரம்ஸ்காரர் அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார், தன் ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கினார். இடப்பக்கம் முடிந்து அண்ணி வலப்பக்கத் தூணுக்குப் போய்த் திரும்பும் வரை ஸ்டூல் சரியாகவே இல்லை.

காலி நாற்காலிகள் எல்லாருக்கும் போதவில்லை. கடைசியில் நின்ற கல்லூரிப் பெண்கள் இருவருக்கு இடமில்லை. நாத்தனார் கவுண்டருக்குள் போய்த் தன் நாற்காலியையும், அண்ணன் உட்கார்ந்த பழைய நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து நடைபாதை ஓரத்தில் போட்டாள்.

"இதுக்கு நம்பர் கிடையாது," என்றாள். "உட்காருங்க."

பாடகி பாட்டிலைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை நாத்தனார் ஆப்பைத் திறந்து ஹாலின் பெயரைத் தேடினாள். இல்லை. எழுத்தை மாற்றித் தேடினாள். தெருப் பெயரைப் போட்டுத் தேடினாள். நேற்று வரை இருந்த ஹால், செங்கல் சுண்ணாம்பு உட்பட மாயமாகியிருந்தது. வரவேண்டிய நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன. இடம் என்ற இடத்தில் பெரிய கடைத்தெரு ஹாலின் பெயர்.

"யாரும் போன் பண்ணக்கூட இல்லையே அண்ணி. ஒரு திட்டு, ஒரு நோட்டீஸ், ஒண்ணும் இல்ல."

"அதுவாப் போயிடும்னாரே. போயிருச்சு."

மதியம் பாடகி கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கம்பெனில சொல்லிட்டேன். தண்ணி தாகம்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுக்கலம்மா," என்றாள் நாத்தனார். "நீ குடிச்ச தண்ணிக்கு உன் வயிறு என்னாச்சோன்னுதான் கவலை."

"இனிமே அங்க பாட விடமாட்டாங்க."

"தெரியும்."

"வேற ஊர்லயும் அவங்களேதான் அக்கா. நான் எங்க போவேன்?"

"பாடும்மா. போய்ப் பாடு."

அண்ணி உட்காரவே இல்லை. தெரிந்த எண்ணுக்கெல்லாம் போட்டாள். நாடகக் குழுத் தலைவர், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சிரிப்புக்காரரின் மனைவி, அவர் குளிக்கிறார் என்றாள். மாலையிலும் குளிக்கிறார் என்றாள்.

"சுத்தமான மனுஷன்," என்றாள் நாத்தனார்.

"நீ சிரிக்காத. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். பயத்துலதான் சிரிக்கறேன்."

அடுத்த நாள் வந்த போன்தான் இருவரும் எதிர்பாராதது. பேசியவர் பெரிய கடைத்தெரு ஹாலின் முதலாளி. அண்ணன் காலத்திலிருந்து இரண்டு ஹாலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே தேதிக்கு ஒரே நாடகத்தைப் பிடிக்க இரண்டு பேரும் கட்டிப் புரளாத குறை. கம்பெனிக்கு முதலில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

"தங்கச்சி, உங்க ஹாலுக்கு வரவேண்டியது எல்லாம் எங்க ஹாலுக்கு வந்துருக்கு," என்றார். "சந்தோஷப்படணும். படமுடியல."

"ஏங்க?"

"எல்லாம் எனக்கு வந்துட்டா அப்புறம் என்னை எதுக்கு அவங்க பேசிச் சமாதானம் பண்ணப்போறாங்க? போன வாரமே என் பங்கைக் குறைச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா, எங்களை விட்டா வேற எந்த ஹால் வெளிய இருக்குன்னு கேக்கறாங்க. முன்னெல்லாம் உங்க ஹால் இருக்குன்னு சொல்வேன்."

அண்ணி போனை மேஜையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க எப்படி வெளிய வந்தீங்க தங்கச்சி? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"நாங்க எங்க வந்தோம்? தள்ளிட்டாங்க."

"விழுந்து அடிபட்டுச்சா?"

"இன்னும் தரை வரல. விழுந்துக்கிட்டே இருக்கோம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்க மச்சான் ஒருத்தன் மேஜிக் பண்றான்," என்றார். "கம்பெனில இல்ல."

"ஏன் இல்ல?"

"எடுத்துக்கல."

"ஏன் எடுத்துக்கல?"

"பொய் சொல்லக்கூடாது தங்கச்சி. சுமாராத்தான் பண்ணுவான். புறா சில சமயம் முன்னாடியே வெளிய வந்துடும். ஆனா ஆளுங்க சிரிப்பாங்க. அவனுக்கு என் ஹால்ல மேடை தர எனக்கு அனுமதி இல்ல. உங்களுக்கு இருக்கு. இன்னும் அவனை மாதிரி நாலஞ்சு பேர் அங்கங்க இருக்காங்க, எடுத்துக்காதவங்க, விலகினவங்க. எல்லார் நம்பரும் தரேன். என் பேர் மட்டும் வெளிய வேணாம்."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அதற்குள் பேனாவைத் தேடி இழுப்பறையைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் யார் விப்பாங்கன்னு என் மச்சான் கேப்பான்," என்றார் அவர்.

"நான் விப்பேன்," என்றாள் நாத்தனார் குனிந்தபடியே. "ஜன்னல்ல. வந்து வரிசைல நிக்கச் சொல்லுங்க."

"வருவாங்களா?"

"தெரியாதுங்க," என்றாள் அண்ணி. "சுமாரான மேஜிக்கைப் பாக்க எத்தனை பேர் வருவாங்கன்னு எனக்கு நிஜமாவே தெரியாது. அனுப்புங்க."

"உங்க ஹால்ல எந்தத் தேதி காலியா இருக்கு?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அண்ணி சட்டென்று போனின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினாள்.

"எல்லாம்னு சொல்லித் தொலைக்காத," என்றாள் மெதுவாக. "பாத்துச் சொல்றோம்னு சொல்லு."